மாமியைப் பாயில் ஒட்டவிடாத கதை

எங்கள் பக்கத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. மட்டக்களப்பார் மந்திரம் தெரிந்தவர்கள், வந்த ஆளைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாராவது சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நான் வேலை செய்த சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த ஒரு டொக்டர், வந்த புதிதில் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்வார். எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால் நான் பகிடி பண்ணுவேன். அது என் சுபாவம்.

"டொக்டர், நல்ல புதுப் பாய் ஒண்டு கிடக்கு. விரிச்சு விடட்டா?"

"வேண்டாம் அம்மா. எனக்குக் கதிரைதான் வசதி."

"ஓம் ஓம். கதிரையோட ஒட்டுற மந்திரம் நாங்க இன்னும் படிக்கல்ல."

மனிசன் அன்றைக்கு நின்றுகொண்டே சோறு தின்றார்.

ஆனால் பாயோடு ஒட்டுவது என்று ஒன்று உண்மையாகவே உண்டு. அதற்கு மந்திரம் தேவையில்லை. எழும்ப ஏலாத ஒரு ஆளைப் புரட்டிப் படுக்க வைக்காமல் விட்டால் போதும். முதுகு முதலில் சிவக்கும். பிறகு கறுக்கும். பிறகு தோல் பாயோடு போய்விடும். என் வாழ்நாள் வேலை ஆட்களைப் பாயிலிருந்து கழற்றுவதுதான். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் முதுகு வாசிக்கத் தெரியும்.

ஆஸ்பத்திரி படுவான்கரையில் இருந்தது. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் அந்தப் பெயர். கிழக்கே எழுவான்கரை. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் ஆமி, இந்தப் பக்கம் இயக்கம், நடுவில் வாவி. மீன்கள் மட்டும் அடையாள அட்டை காட்டாமல் இரண்டு பக்கமும் போய் வந்தன. எங்களுக்கு மருந்து வந்தால் பஞ்சு வராது. பஞ்சு வந்தால் டொக்டர் வரமாட்டார். எல்லாம் வந்த நாளில் ஷெல் வரும். எப்போதும் இருந்தது ஒரு மிஸ்ஸியும் நானும்தான். அவர் தாதி. நான் அட்டெண்டன், அதாவது கழுவுகிறவள், தூக்குகிறவள், பிடிக்கிறவள், நாற்றத்துக்கு முகம் சுளிக்காதவள்.

முதல் நாள் காலில் வெடி பட்ட ஒரு மனிசனின் துணியை மாற்றச் சொன்னார் மிஸ்ஸி. நான் போய்ப் பட்டென்று அவரைப் பிடித்துத் திருப்பினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் ஒடுங்கிப்போனார். மிஸ்ஸி வந்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"நீ வாவியக் கடந்து போகக்குள்ள ஆமிச் சென்றியில உன்ன எப்பிடிகா தொடுறாங்க?"

"சொல்லாமக் கொள்ளாமத்தான் மிஸ்ஸி."

"அப்பிடித்தான் நீ இப்ப அவரத் தொட்டாய். தொட முதல் சொல்லு. என்ன செய்யப்போறாய் எண்டு சொல்லு. மறுகா தொடு."

அன்றிலிருந்து சொல்லாமல் நான் ஒரு உடம்பையும் தொட்டதில்லை. 'ஐயா, புரட்டப்போறன்.' 'அம்மா, தண்ணி கொஞ்சம் குளிரும்.' சொல்லிவிட்டுத் தொட்டால் அது பணிவிடை. சொல்லாமல் தொட்டால் அது சோதனை. இரண்டும் ஒரே கைதான்.

இன்னொன்றையும் அவரிடம்தான் எடுத்துக்கொண்டேன். பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிற ஆளோடும் கதைக்க வேண்டும். "காது கடைசியாத்தான் போகும்" என்பார். எனக்கு இந்த வேலை நன்றாகப் பிடித்துக்கொண்டது. திருப்பிக் கதைக்காத ஆட்கள் எனக்கு வீட்டிலும் கிடைத்ததில்லை, ஊரிலும் கிடைத்ததில்லை. நினைவில்லாமல் கிடந்த ஒரு வயல்காரரிடம் நாள் முழுக்க அவருடைய வயல்வட்டைக் கதைதான் சொன்னேன். எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது, யாருடைய மாடு வரம்பை உடைத்தது என்று கேட்டு வந்து சொல்வேன். தெரியாத நாளில் இட்டுக்கட்டிச் சொல்வேன். ஒரு காலை அவர் கண் திறந்தார். முதல் பேச்சு இதுதான்: "அந்த மாடு என்ர இல்ல."

மிஸ்ஸி சிரித்த சிரிப்பில் ஊசி மருந்து கீழே விழப் பார்த்தது.

இந்தப் பெருமையோடு நான் இருந்த காலத்தில்தான் மாமிக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது. என் கணவரைப் பெற்றவர். வலது பக்கக் கை கால் இயங்காது, வாய் கோணி, பேச்சு முழுக்கப் போய்விட்டது. என் கணவர் அப்போது உயிரோடு இல்லை. சந்தைக்குப் போனவர் வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், அதற்கு வேறு கண்ணீர் வைத்திருக்கிறேன்.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வயது போன தாய் மகள் வீட்டில்தான் கிடப்பார். மாமிக்கும் ஒரு மகள் இருந்தாள், எனக்கு மச்சாள். கல்வீடு, கிணறு, முற்றத்தில் மாமரம் எல்லாம் அவளுக்குத்தான் போனது. ஆனால் மாட்டு வண்டியில் பாயைச் சுற்றி மாமியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினவளும் அவள்தான்.

"உங்களுக்குத்தான் மச்சாள் இந்த வேல கைவந்தது. எனக்குப் பீ மூத்திரம் கண்டாச் சத்தி வருது."

"எனக்கென்ன, கண்டா பசிக்குது எண்டா நினைக்கிறாய்?"

"பகிடியா மச்சாள்? நீங்க ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் நான் வந்து அம்மாவோட இருக்கன். வீட்டுக்கு வந்து நீங்க பாருங்க."

ஏற்றுக்கொண்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுடைய கையில் விட்டால் மாமி ஒரு மாதத்துக்குள் பாயோடு ஒட்டிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? ஆஸ்பத்திரிக்காரியின் மாமி அழுகிச் செத்தார் என்று சொல்லும்.

மாமியை நான் ராணி மாதிரி வைத்திருந்தேன். நெல்லு மில்லிலிருந்து உமி கொண்டுவந்து, பழைய சேலையில் பைகள் தைத்து, குதிக்காலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு நடுவே ஒன்று என்று வைத்தேன். உமி உடம்பின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும், சூடும் தங்காது. வேலைக்குப் போக முதல் புரட்டுவேன், வந்தவுடன் புரட்டுவேன், சோறாக்குகிற நேரம் நடுவில் எழும்பிப் போய்ப் புரட்டுவேன். நடுவில் மச்சாள் புரட்ட வேண்டும். முதுகைப் பார்த்தால் அவள் புரட்டினாளா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கதைத்தேன். எல்லாம் கதைத்தேன். மாமி நல்ல நாளில் என் சமையலை ஊர் முழுக்கச் சந்தி சிரிக்க வைத்தவர். அதை நான் மறப்பேனா?

"மாமி, வாயத் திறக்கப்போறன். நண்டுக் கஞ்சி. என்ட நண்டுக் கறியில உப்பில்ல எண்டு தேருக்குப் போன இடத்திலயும் சொன்னீங்களே. இப்ப சொல்லுங்க பாப்பம், உப்பு இருக்கா?"

கோணின வாயின் ஓரம் கொஞ்சம் அசையும். மிஸ்ஸியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், நரம்பு திரும்புகிறது என்று. மிஸ்ஸி என் முதுகில் தட்டினார். எனக்கு ஒரு கோயில் கட்டினது போல இருந்தது.

எனக்கு ஒரே மகள். அந்த வருஷங்களில் இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டது. ஆண் பெண் பார்க்கவில்லை. நான் மகளை முதலே வாவிக்கு அந்தப் பக்கம், ஆரையம்பதியில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். மச்சாளுக்கும் ஒரே மகன், என் மகளின் வயதுதான். அவனை அவள் அனுப்பவில்லை. வயல் வாடியில் ஒளிப்பாள், பிறகு வீட்டுக்குக் கூட்டி வருவாள், பிறகு திரும்ப ஒளிப்பாள். அவளுடைய வாசலில் அவர்கள் அடிக்கடி வந்து நின்றார்கள். என் வாசலுக்கும் வந்தார்கள். "புள்ள அங்கால படிக்கிறாள்" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்புவேன். தேத்தண்ணியில் சீனி போடமாட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கியது. மகளுக்கு அம்மன் கோயில் குளுத்தி என்றால் உயிர். சடங்கின் கடைசி நாள் அது. குளுத்தியன்று ஒரு நாளைக்கு மட்டும் வந்து போகிறேன் என்று மீன் விற்கிறவளிடம் சொல்லியனுப்பினாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, பிள்ளையைக் கண்டு எவ்வளவு காலம். ஆட்களை ஏற்றி இறக்குகிற பெரிய பாதைப் படகில் வந்தால் எல்லோரும் காண்பார்கள். அதனால் என் தம்பியின் தோணியில், ஆள் போகாத, கண்ணா மரங்கள் அடர்ந்த பற்றைக் கரையில் விடிய வெள்ளென இறங்குவது என்று நானும் தம்பியும் பேசி வைத்தோம். மூன்றாம் ஆளுக்குச் சொல்லவில்லை.

மாமிக்கு மட்டும் சொன்னேன். முதுகு துடைக்கும்போது சொன்னேன். மாமியை நான் ஆளாகக் கணக்கெடுக்கவில்லையா என்று கேட்டால், அதற்கு நேர்மாறாகத்தான் கணக்கெடுத்தேன். பேத்தி வரப்போகிறாள் என்று கேட்டால் உடம்புக்கு ஒரு தென்பு வரும் என்று நினைத்தேன். அதுதான் என் மருந்து.

"மாமி, இடப்பக்கம் புரட்டப்போறன். ஒரு சங்கதி சொல்லட்டா? உங்கட பேத்தி குளுத்திக்கு வாறாள். பாதையால இல்ல. கண்ணாப் பத்தைக்குள்ளால, தம்பிட தோணியில. வந்த உடன உங்களத்தான் பாப்பாள், என்ன இல்ல. கள்ளி."

மாமியின் கண் என் மேலேயே நின்றது. சந்தோஷம் என்று வாசித்தேன். முதுகு வாசிக்கத் தெரிந்த எனக்குக் கண் வாசிக்கத் தெரியாமல் போய்விட்டது.

குளுத்தியன்று விடிய நான் கரைக்குப் போனபோது அங்கே முதலே மூன்று பேர் குந்திக்கொண்டிருந்தார்கள். துவக்கை மடியில் வைத்திருந்தார்கள். ஒருத்தனுடைய காலுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். பார்த்தேன், புண் வடிவாக ஆறியிருந்தது.

"அம்மா, நீங்க வீட்ட போங்க. புள்ள வந்தாக் கதைச்சிட்டு அனுப்புறம்."

"எங்க அனுப்புவீங்க மனே?"

தோணி வந்தது. தம்பி அவர்களைக் கண்டு துடுப்பைத் திருப்பப் பார்த்தான். வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தார்கள். தம்பியை இழுத்துப் போட்டு அடித்தார்கள். மகள் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கையில் ஒரு சின்னப் பை. அதை என் கையில் தந்தாள்.

"பெத்தாட முதுகுக்குப் பவுடரம்மா. அங்க கடையில கிடந்திச்சு."

அப்பாவின் தாயை அவள் பெத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவ்வளவுதான் எங்களுக்குக் கதைக்கக் கிடைத்தது. கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மாமியைப் புரட்டுகிற நேரமாகியிருந்தது. புரட்டினேன். அந்தப் பவுடரையே போட்டேன். அழுது அழுது எல்லாம் சொன்னேன். மாமியின் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது. பாவம், பேத்திக்காக அழுகிறார் என்று அதையும் துடைத்துவிட்டேன்.

யார் சொன்னது என்பது எனக்குப் பிடிபடவில்லை. தம்பியாக இருக்க முடியாது. அவன் காது வழியாக இரத்தம் வர அடி வாங்கினவன். மீன் விற்கிறவளுக்கு நாள் தெரியும், கரை தெரியாது. சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் தூக்கிய ஆளைத் தூக்கியபடியே நின்றுவிட்டேன். மிஸ்ஸி ஆளை வாங்கிப் படுக்க வைத்துவிட்டு, "நீ வீட்ட போய்ப் படுகா. நாளைக்கு வா" என்றார்.

பகல் வெயிலில் வீட்டுக்குப் பின் பக்கமாக வந்தேன். குசினிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பேர் கதைத்தார்கள். ஒன்று மச்சாளின் குரல். மற்றது கொஞ்சம் கொழகொழத்த குரல். ஆனால் சொற்கள் தெளிவு.

நான் உங்களுக்கு ஒரு வெட்கங்கெட்ட உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பேச்சு திரும்பிவிட்டது. என் கஞ்சி, என் கதை, என் கை எல்லாம் சேர்ந்து ஒரு வாயைத் திறந்துவிட்டது. மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும் என்று கால் வாசல் பக்கம் திரும்பியும் விட்டது. பிறகுதான் என்ன கதைக்கிறார்கள் என்பது காதில் ஏறியது.

"மறுகா அவங்க வந்தாங்களா?" இது மாமி.

"இல்லம்மா. ஒரு புள்ளைய எடுத்தாச்சு, உன்ட மகன இனிக் கேக்கமாட்டம் எண்டுதான் சொன்னாங்க."

"அப்ப சரி."

"மச்சாளுக்குச் சந்தேகம் வந்திட்டோ தெரியாது."

"வராது. வாயில்லாதவளச் சந்தேகப்படுறதுக்கு ஊருல யாருகா இருக்கா?"

"பாவம்மா, அந்தப் புள்ளயும்."

"பாவந்தான். என்ன செய்ற? உன்ட மகன் நம்மட குடி. அவள் அவங்கட குடிதானே."

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய் வழியாகத்தான் போகும். மகள் பெற்ற பிள்ளை தன் குடி. மகன் பெற்ற பிள்ளை மருமகளின் குடி. கோயிலில் யாருக்கு என்ன உரிமை, யார் யாரைக் கட்டலாம் என்று பார்க்க அந்தக் கணக்குத் தேவைப்படும். ஒரு பிள்ளையைக் கொடுத்து இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றவும் அது தேவைப்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போனேன். மச்சாள் என்னைக் கண்டதும் செருப்பையும் விட்டுவிட்டு முன் வாசலால் ஓடினாள். பிறகு மாமி போகும்வரைக்கும் அந்த வாசல் பக்கம் அவள் வரவே இல்லை. செருப்பு நெடுங்காலம் கிடந்தது.

மாமி வாயைக் கோணலாக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். பிறகு அவரே அதை விட்டுவிட்டார்.

"புள்ள."

எத்தனை நாள் அந்த வாயிலிருந்து ஒரு சொல்லைக் கேட்க நான் தவம் கிடந்தேன்.

"புள்ள, கோவமா? அவன் எனக்குக் கொள்ளி வைக்கிற பொடியன். நான் என்ன செய்ய?"

முதுகைப் பார்த்தேன். மச்சாள் காலையிலிருந்து புரட்டவில்லை. இடுப்பெலும்புக்கு மேலே சிவந்திருந்தது. புரட்டினேன். சொல்லாமல் புரட்டவும் முடியவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. கையை முதலில் தோளில் கொஞ்ச நேரம் வைத்தேன், பிறகு புரட்டினேன். அன்றிலிருந்து அதுதான் எங்கள் இருவருக்கும் பாஷை.

தூக்கிக்கொண்டு போய் மகள் வீட்டு மாமரத்தடியில் போட்டுவிட்டு வா என்று தம்பி சொன்னான். நியாயம்தான், வழக்கமும் அதுதான். மிஸ்ஸியும் கேட்டார்.

"இன்னுமாகா வச்சிருக்காய்?"

"வச்சிருக்கன் மிஸ்ஸி."

"மனசு வருதா உனக்கு?"

"மனசு வரல்ல. கை வருது."

நான் யோசித்துப் பார்த்தேன். காட்டிக்கொடுத்தது வாய். முதுகு எனக்கு ஒன்றும் செய்யவில்லை. குதிக்கால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த முதுகை நான் ஒரு பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருக்கிறேன். அதை மச்சாளின் கையில் கொடுத்தால் அழுகும். ஒரு பிள்ளையை எடுத்துவிட்டார்கள், இதையும் ஏன் கொடுக்க? அதனால் வாய்க்குரிய கோபத்தை வாய்க்கு மட்டும் வைத்தேன். முதுகுக்குக் காட்டவில்லை. மச்சாள் வராத பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து நானே புரட்டிவிட்டுப் போனேன். நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பெரிய படிப்பு இது ஒன்றுதான். ஆளைப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. புண் வருகிற இடத்தைப் பிடித்தால் போதும்.

ஆனால் கதைக்கவில்லை. ஒரு சொல் கதைக்கவில்லை. நண்டுக் கஞ்சி கொடுத்தேன், உப்பு இருக்கா என்று கேட்கவில்லை. மாமி கதைத்தார். முதலில் கெஞ்சினார். பிறகு திட்டினார். பிறகு பழைய கதைகள், என் கணவர் சின்னப் பிள்ளையாக இருந்த கதைகள் சொன்னார். எனக்குக் கேட்க ஆசை. முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டேன். வாயிருந்தும் ஊமையாக இருப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கதைக்காமல் செய்கிற பணிவிடை சட்டி கழுவுகிறது மாதிரி. சட்டி சுத்தமாகும். கை நனையும். வேறொன்றும் நடக்காது.

நெடுங்காலத்துக்குப் பிறகு மகள் வந்தாள். தப்பி, வயலாலும் காட்டாலும் நடந்து வந்தாள். இடது கை முழங்கை மடியாது. மற்றபடி பிள்ளை முழுதாக இருந்தாள். அவளுக்கு நான் மாமியின் சங்கதியைச் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய மனசில் ஒரு புண் வரும், அதைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒளிந்திருந்துவிட்டு அடுத்த நாள் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

நான் குசினியில் இருந்தேன். உள்ளே மகளின் குரல் கேட்டது. நான் பழக்கினபடியே கதைத்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தா, புரட்டப்போறன், ஒரு கைதான், கொஞ்சம் பொறுங்க. இஞ்ச பாருங்க, எவ்வளவு வடிவான முதுகு. பெத்தா, நான் கல்குடாவுக்குப் போறன். அங்க கடற்கரையில ஒரு ஆக்கள் இருக்காங்க, அவங்களோட மீன் காயப்போட்டுட்டு இருக்கப்போறன். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க என்ன."

அகப்பையோடு உள்ளே ஓடி, அவளுடைய நல்ல கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"விசரி, அவவுக்குக் கதைக்க ஏலும். முதல்ல உன்னக் காட்டிக்குடுத்ததும்..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"என்னக் கொண்டுபோன அண்டே சொல்லிச் சிரிச்சாங்க. உன்ட பெத்தாதான் சொன்னா எண்டு."

"தெரிஞ்சுமா போய் இருந்து கதைக்கிறாய்?"

"நீங்கதானம்மா சொன்னீங்க, பாயில கிடக்கிற ஆக்களோட கதைக்கணும் எண்டு. எங்க போறன் எண்ட உண்மையையும் சொல்லணும் எண்டு நீங்க சொல்லல்லயே. கல்குடாவில எனக்கு யாரம்மா இருக்கா?"

என் வயிற்றில் பிறந்ததுதான். சந்தேகமே இல்லை.

அவள் போனது ஏறாவூருக்கு. தறி வைத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா, ஒரு காலத்தில் எங்கள் வாட்டில் கிடந்தவர். அவருடைய முதுகையும் நான் பார்த்திருக்கிறேன். சால்வையைத் தலையில் போட்டுத் தன் பிள்ளைகளுக்கு நடுவில் நூல் சுற்ற இருத்திக்கொண்டார். அந்தத் தெருவுக்குள் இயக்கம் போகாது. உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

அவள் போன பிறகு தேடி வந்தார்கள். வீடு முழுக்கக் கிளறினார்கள். பிறகு ஒருத்தன் மாமியின் பாய்க்குப் பக்கத்தில் குந்தினான்.

"பெத்தா, நீங்க கதைப்பீங்க எண்டு எங்களுக்குத் தெரியும். பேத்தி எங்க?"

நான் குசினி வாசலில் நின்றேன். சொல்லட்டும் என்றுதான் நின்றேன். கல்குடாவுக்கு ஓடட்டும், மீன் காய்கிற இடமெல்லாம் மணந்து பார்க்கட்டும். மாமி என்னைப் பார்த்தார். பிறகு வாயைக் கோணலாக்கினார். எச்சில் வழிந்தது. தொண்டைக்குள் ஒரு மாட்டுச் சத்தம். நான் கண்ட கூத்தில் எல்லாம் அப்படி ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. அவன் பொறுமை போய் மாமியின் தாடையைப் பிடித்து உலுக்கினான்.

"தொட முதல் சொல்லணும் மனே" என்றேன்.

அவன் கையை எடுத்தான். போய்விட்டார்கள்.

மாமி மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். இப்போதாவது ஒரு சொல் வரும் என்று காத்திருந்தார். ஒரு பொய்யை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார், அது பொய் என்று அவருக்குத் தெரியாது. மனசு இளகியதா என்று மிஸ்ஸி பிறகு கேட்டார். இளகவில்லை. ஒரு பிள்ளையை விற்ற வாய் ஒரு நாள் மூடிக்கிடந்தது என்பதற்காக அந்தப் பிள்ளையின் முழங்கை மடியப்போவதில்லை. எச்சிலைத் துடைத்தேன். கையைத் தோளில் வைத்தேன். புரட்டினேன்.

அடுத்த மாரியில் மாமி போய்விட்டார். ஒரு காலை கஞ்சியோடு வந்து பார்த்தேன், மூச்சில்லை, உடம்பில் இன்னும் சூடிருந்தது. மச்சாளுக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவள் ஒப்பாரியோடு வந்து சேர முதல் நானே கழுவினேன். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. பாய் தனியே வந்தது. அந்த ஊரில் அவ்வளவு காலம் பாயில் கிடந்து அப்படி ஒரு முதுகோடு போன ஆள் வேறு இல்லை.

இடுப்பைப் பிடித்தபோது வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"மாமி, வலப்பக்கம் புரட்டப்போறன்."

சொல்லிவிட்டேன். விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. காது கடைசியாகத்தான் போகும் என்பார் மிஸ்ஸி. உடம்பில் இன்னும் சூடிருந்தது. குனிந்து அந்தக் காதுக்குப் பக்கத்தில் மிச்சத்தையும் சொன்னேன்.

"உங்கட பேத்தி கல்குடாவில இல்ல மாமி. எங்க எண்டு சொல்லமாட்டன்."

பிறகு தலையைக் கழுவத் தொடங்கினேன்.